யாளியின் பல்

படத்தைக் கையில் வாங்கியதும் சம்பந்தி ஜன்னல் பக்கம் போவார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, படத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய், ஓரத்திலிருந்து நடுவுக்கு மெல்ல நகர்த்துவார். போலீசில் கைரேகைப் பிரிவிலேயே காலம் தள்ளியவர். கோடு கோடாகத் தெரியாத எதுவும் அவருக்குப் படமே இல்லை. என் மகன் அவர் மகளைக் கட்டியதால் வந்த உறவு. பிள்ளைகள் பெங்களூருக்குப் போய்விட்டார்கள். எங்கள் மனைவிமார் இருவரும் காலமாகிவிட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவரும் ராஜபாளையத்தில் நானும் மிஞ்சினோம்.

எங்களைச் சேர்த்துவைத்தவை பழைய லென்சுகள்தான். அவரிடம் ஒரு ஜப்பான் லென்ஸ், என்னிடம் ஒரு ரஷ்ய லென்ஸ். இரண்டும் பிலிம் காலத்தவை. ஒரு வளையம் போட்டு இன்றைய கேமராவில் மாட்டிக்கொள்ளலாம். அவருடையது கறார்ப் பேர்வழி, ஒரு கோட்டையும் விடாது. என்னுடையதில் ஓரமெல்லாம் கரைந்துபோகும், முகங்களில் ஒரு வெளிச்சம் தங்கும். எனக்கு அது போதும். பார்த்ததும் மனசு நிறைந்தால் பத்தாதா, பல்லையும் முடியையும் எண்ணியா ஆகப்போகிறது என்பேன். மில்லில் பஞ்சோடு கிடந்த ஆளுக்கு எல்லாம் பஞ்சாகத்தான் தெரியும் என்று அவர் வாரிவிடுவார். அவர் வீட்டு மொட்டைமாடியிலிருந்து ஆண்டாள் கோயில் கோபுரத்தை இரண்டு லென்சிலும் எடுப்போம். உச்சியில் இருக்கிற யாளிக்குப் பல் தெரிகிறதா என்பதுதான் பரீட்சை. பெரிதாகப் பிரிண்ட் போட்டு நான் வாங்கி வைப்பேன். ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் வந்து, மத்தியானச் சாப்பாடு வரைக்கும் சண்டை போடுவார். அந்தச் சண்டைக்காகவே நான் வாரத்தை ஓட்டினேன்.

ஒரு ஞாயிறு வழக்கம்போல் படங்களை ஆராய்ந்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். இடது கைப் படம் ஜப்பான், பல் எல்லாம் எண்ணலாம். வலது கைப் படம் ரஷ்யா, ஒரே மொழுமொழுப்பு. மறுத்துப் பேசக் குனிந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். இரண்டு படத்திலும் கலசத்தின் மேல் அதே இடத்தில், அதே பக்கம் தலை திருப்பி ஒரு காகம். போட்டோ லேபில் ஒரே படத்தை இரண்டு முறை பிரிண்ட் போட்டிருந்தார்கள். காகம் எதில் இருக்கிறது என்று சாதாரணமாகக் கேட்டேன். இரண்டையும் கண்ணோடு ஒட்டிப் பிடித்துவிட்டு, "இடதுலதான்" என்றார். படங்களை உறையில் போட்டுவிட்டு அவரைச் சாப்பிடக் கூப்பிட்டேன்.

சாப்பிட்டுவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். எதிரே வந்த மில் பஸ்ஸுக்கு வெகு அருகில் போய்த்தான் ஒதுங்கினார். அவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்று மருமகளிடம் சொன்னால் அப்பாவை அழைத்துக்கொண்டு போய்விடுவாள். என் மகன் வீட்டில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு அறை. என்றாவது எனக்கு என்று நான் நினைத்து வைத்திருந்த அறை. ஆளும் போகும், அறையும் போகும். எல்லாம் தெரிந்தேதான் அன்று சாயங்காலம் போன் செய்தேன்.

கண் நரம்பு கெட்டுக்கொண்டே வருகிறது, போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். பெங்களூருக்குப் புறப்படுகிற அன்று சம்பந்தி ஜப்பான் லென்சை என் கையில் வைத்தார்.

"நீங்கதான் சொன்னியன்னு தெரியும். நானே சொல்லியிருக்கணும். சொன்னா ஞாயித்துக்கிழமை போயிருமே."

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போன்தான். எடுத்த படத்தை வாயால் சொல்ல வேண்டும். என் ரஷ்ய லென்ஸ் படம் மலை, தண்ணீர், வெயில் என்று மூன்று சொல்லில் தீர்ந்துவிடுகிறது. அதனால் அவர் லென்சையே மாட்டிக்கொண்டு அலைகிறேன். போன வாரம் பிளவக்கல் அணைக்குப் போயிருந்தேன். சுவரில் தண்ணீர் இறங்கிய தடம், கரையில் ஒரு கொக்கு, அது தூக்கி வைத்திருந்த கால், பக்கத்தில் ஒரு புளியமரம் என்று சொல்லி நிறுத்தினேன். அந்தப் பக்கம் டிவி ஓடியது. என் மகன் யாரிடமோ ஆபீஸ் விஷயம் பேசிக்கொண்டிருந்தான். இத்தனை பேர் நடுவில் இருக்கிறவர் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமை எனக்கு.

"அம்புட்டுதானா?" என்றார் சம்பந்தி. பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னும் செத்த நேரம் சொல்லுங்க. இங்க எங்கிட்டப் பேச ஆளில்ல" என்றார்.

படத்தில் சொல்வதற்கு வேறு ஒன்றும் இல்லை. புளியமரத்தை இலை இலையாகச் சொல்ல ஆரம்பித்தேன்.