ஸ்கேன் சென்டர் வைஃபை

சில வருடங்களுக்கு முன்பு, மாங்காய் லாரிகள் சித்தூர் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும் சீசனில் நடந்தது இது. அக்காவுக்கு வெகு நாட்களாக வயிற்று வலி. சித்தூர் டாக்டர் எழுதிக் கொடுத்தபடி, அவளைத் திருப்பதியில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு அழைத்துப் போனோம், அக்கா வீட்டுக்காரரான மாமாவும் நானும்.

அக்கா ஒரு காலேஜில் கம்ப்யூட்டர், நெட்வொர்க் எல்லாம் பார்த்துக்கொள்பவள். எங்கே போனாலும் கை சும்மா இருக்காது. கல்யாண மண்டபத்தில் நாங்கள் புடவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தால், இவள் அங்கே வைஃபைக்குப் பாஸ்வேர்டு இருக்கிறதா என்று பார்ப்பாள். அன்றும் ஹாலில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தாள். "ஆரம்பிச்சிட்டியா? வந்த எடத்துலயாவது சும்மா இரேன்" என்று கிண்டல் செய்தேன்.

ரிப்போர்ட் தயாரானதும் டாக்டர் மாமாவையும் என்னையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். கணையத்தில் புற்றுநோய், ஈரல் வரை பரவிவிட்டது, இனிப் பெரிதாகச் செய்ய எதுவும் இல்லை என்றார். மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அவகிட்ட மட்டும் சொல்ல வேணாம்மா, மனசு விட்டுடுவா" என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து, வெறும் அல்சர்தான் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். பொய் சொல்வதில் நான் கெட்டிக்காரி என்று எனக்கு ஒரு நினைப்பு.

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு போனைப் பைக்குள் வைத்தாள். "அவ்ளோதானா? அப்ப வா, பசிக்குது, எதனா துன்னுட்டுப் போலாம்" என்றாள். சந்திரகிரியில் காரை நிறுத்தி இட்லி சாப்பிட்டோம். மாமாதான் ஒரு விள்ளலோடு தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

அதன் பிறகு வீட்டில் எல்லோரும் நடித்தோம். எங்களைப் பெற்ற நைனா அவள் முன்னால் சிரித்துப் பேசிவிட்டு, எழுந்து போய் ரோட்டோரம் நின்றுகொள்வார். "அல்சருக்குக் காரம் ஆவாதுடி, மிளகாத்தூளக் கம்மியா போடு" என்று அக்காவே சொல்வாள். நம்பிவிட்டாளே பாவி என்று நான் அடுப்படியில் நின்று அழுவேன். தீபாவளியைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அடுத்த வருடம், மாமியாரின் முதுகு வலிக்காக மறுபடியும் அதே சென்டருக்குப் போக வேண்டியிருந்தது. ரிசப்ஷனில் இருந்த பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டு, அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். சொன்னேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு அவள்தான் விஷயத்தைச் சொன்னாள். அங்கே எல்லோருடைய ரிப்போர்ட்டும் சர்வர் என்கிற ஒரே கம்ப்யூட்டரில்தான் சேருமாம். டாக்டர்கள் எந்த ரூமிலிருந்தும் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று, பெயரும் பாஸ்வேர்டும் கேட்காமல் 'கெஸ்ட்' என்று யார் வேண்டுமானாலும் நுழையும்படி விட்டிருந்தார்களாம். ஹாலில் காத்திருப்பவர்களுக்குக் கொடுத்த வைஃபையும் அதே நெட்வொர்க்தானாம். நாங்கள் ஸ்கேன் எடுத்துப் போன மறுவாரம் அக்கா தனியாக பஸ் ஏறி வந்து, சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ஆளைப் பக்கத்தில் உட்கார வைத்து, அந்த கெஸ்ட் வழியை மூடச் சொல்லி, ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் பாஸ்வேர்டும் போட வைத்துவிட்டுத்தான் கிளம்பினாளாம். காலேஜில் வேலை இருக்கிறது என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனாளே, அந்த நாளாகத்தான் இருக்க வேண்டும்.

"நிஜங்கா சொல்றேன் அக்கா, எங்க மேல ஒரு வார்த்த கோபமா பேசல. 'என் ரிப்போர்ட்ட நானே ஹால்ல உக்காந்துகினு படிச்சேன், இன்னொருத்தருக்கு இப்டித் தெரியக் கூடாது'ன்னு மட்டும் சொன்னாங்க. போறப்போ, 'எங்க வீட்ல யார்கிட்டயும் சொல்லிடாதம்மா, பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டு பொய் சொல்லிக்கினு இருக்காங்க'ன்னாங்க."

அங்கேயே, அக்கா உட்கார்ந்திருந்த அதே வரிசையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நான் சிரித்துக்கொண்டே வெளியே வந்தபோது அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அந்த இட்லியை எப்படித்தான் சாப்பிட்டாளோ!

முகம் தெரியாதவர்களின் ரிப்போர்ட்டுக்கெல்லாம் காவல் வைத்துவிட்டுப் போன என் அக்கா, தன் பயத்தைச் சொல்லி அழ ஓர் ஆள் இல்லாமல்தான் போனாள் என்பது, நாங்கள் அத்தனை பேரும் அவளைச் சுற்றியே இருந்தோம் என்று நினைக்கும்போதெல்லாம் இன்னும் அதிகமாக வலிக்கிறது.