ஒதுக்கிய தாள்

என் புதிய டிசைன் அலுவலகத்துக்கு லெட்டர்ஹெட் அடிக்கப் போன வாரம் தாள் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன். மாதிரிகளில் இருந்த, கையால் செய்த தாளை முகர்ந்ததும், ஊறிய பருத்தியின் வாடை, குருசுக்குப்பம் போகும் வழியில் இருந்த காகிதப் பட்டறைக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. அந்த இடத்தில் இப்போது லாட்ஜ் நிற்கிறது.

அம்மா அங்கே வேலை செய்தாள். பனியன் துணிக் கழிவு தொட்டியில் கூழாகி, சல்லடையில் படிந்து, ஈரத் தாளாகிக் கொடியில் தொங்க, கடற்காற்றில் அத்தனையும் படபடக்கும் சத்தத்துக்குக் கீழே உட்கார்ந்து நான் வீட்டுப்பாடம் எழுதுவேன். காய்ந்த தாளில் பிசிறோ புள்ளியோ தெரிந்தால் அம்மா அதை ஒதுக்கிப் போடுவாள். அதில்தான் நான் படம் வரைவேன்.

"ஒம் பொண்ணு குப்பைய கூட விட்டு வைக்க மாட்டாடி" என்று கூட வேலை செய்த செல்வி அக்கா சிரிப்பாள்.

இன்று அந்தப் புள்ளிக்குத்தான் விலை அதிகம். ஓட்டல்காரர்கள் அதையே கேட்டு வாங்குகிறார்கள். என் பெயரையும் அதிலேயே அடிக்கலாம் என்று அம்மாவிடம் காட்டினேன்.

"இது வேணாண்டி."

"இப்ப இதாம்மா ஸ்டைலு."

"ஓட்டல்காரனுக்கு ஸ்டைலு. நாங்க தூக்கிப் போட்டதுலயா ஒம் பேரு வரணும்?"

அவள் காட்டிய வழவழப்பான வெள்ளைத் தாளிலேயே அடிக்கக் கொடுத்தேன். அச்சாகி வந்ததும் முதல் தாளை அவளிடம் நீட்டினேன். எழுத்து தெரியாத அம்மா, என் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு, அங்கே விரல் படாமல் ஓரமாகப் பிடித்துக்கொண்டாள்.