கில்காரனுக்கு நான் எழுதிய கடிதம்

சாவகச்சேரியில் எனக்குக் கடிதம் எழுதப் பழக்கிய ஆசிரியை ஒன்று சொல்வார்: இடமும் திகதியும் போடாதவளின் பேச்சை நம்பாதே. ஆகவே முதலில் அவற்றைப் போடுகிறேன். இடம், ஆக்லாந்தில் லின்ஃபீல்ட். ஆண்டு 1996. இதில் நான் கூட்டிச் சொல்வது எதுவும் இல்லை. குறைத்திருந்தால், அது என் வெட்கத்தால்.

என் கணவர் கதிர்காமநாதன், என்னைக் கட்டுவதற்கு முன் மூன்று வருடம் அயர்லாந்தில் இருந்தவர். மேற்குக் கரையில் கில்காரன் என்று ஒரு சின்னக் கிராமம். ஒரு தேவாலயம், ஒரு கடை, அந்தக் கடைக்குள்ளேயே தபாற்கந்தோர், பிறகு கடல். அவ்வளவுதான். ஆனால் அந்தக் கிராமம் தினமும் எங்கள் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடும். இங்கே மழை பெய்தால், "இதெல்லாம் ஒரு மழையே? கில்காரனில மழை பக்கவாட்டில வரும்" என்பார். நான் மீன் குழம்பு வைத்தால் அந்தக் கடலின் மீனைப் பற்றிக் கதைப்பார்.

ஒரு நாள் சொன்னார்: "அங்கையும் செத்தவரைத் தனிய விடமாட்டினம், தெரியுமே? அடக்கம் செய்யுமட்டும் ஆராவது பக்கத்தில கதிரை போட்டு இருப்பினம். மணிக்கூட்டை நிப்பாட்டி, கண்ணாடியை மூடி, யன்னலைத் திறந்து விடுவினம்."

"ஆர் சொன்னது?"

"நொரீன்."

அவர் தங்கியிருந்த வீட்டுக்காரியின் மகள். அந்தப் பெயரைச் சொல்லும்போது மட்டும் அவர் தட்டைப் பார்ப்பார். என்னைப் பார்ப்பதில்லை.

ஜூன் 4, செவ்வாய்க்கிழமை. தபாலில் போடச் சொல்லி ஒரு கடிதத்தை என்னிடம் தந்தார். நொரீனின் பெயர், கில்காரன் விலாசம். கொதிக்கும் கேத்திலின் ஆவியில் பிடித்துப் பிரித்தேன். 'ஐந்து வருடமாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. டிசம்பரில் தனியாக வருகிறேன். உன்னைப் பார்க்க வேண்டும்.'

தனியாக.

அதை அடுப்பில் எரித்தேன். பிறகு உட்கார்ந்து, பிழையில்லாத ஆங்கிலத்தில், என் கையால் எழுதினேன். 'என் கணவர் கதிர்காமநாதன் காலமாகிவிட்டார். இனி அவரைத் தேட வேண்டாம்.' அதே விலாசம். அன்றைக்கே தபாலில் போட்டேன். உயிரோடு இருக்கிற புருஷனைக் கொன்று எழுதிய கையாலேயே அவருக்குச் சாப்பாடும் போட்டேன்.

ஜூன் 14, வெள்ளிக்கிழமை. அவருக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை. பின்னேரம் நாலு மணியிலிருந்து ஒன்பது மணிவரை தூங்குவார். நான் குசினியில் இருந்தேன். வெளியே இருட்டிவிட்டது. சரியாக 6.40க்கு அறைக்குள் ஒரு சத்தம்.

கர்ர்ர்…

கதிரை இழுபடும் சத்தம். போய்ப் பார்த்தேன். அவர் நல்ல தூக்கம். அலுமாரிக்குப் பக்கத்தில் கிடக்கும் கதிரை, கட்டிலோடு ஒட்டி நின்றது. யன்னல் திறந்திருந்தது. சுவர் மணிக்கூடு நின்றிருந்தது. அவர்தான் தூக்கக் கலக்கத்தில் எழுந்து ஏதோ செய்திருப்பார் என்று நினைத்து, எல்லாவற்றையும் சரிசெய்தேன்.

சனிக்கிழமை, 6.40. மறுபடியும் கதிரை. மறுபடியும் யன்னல். இந்த முறை கண்ணாடியும் மூடியிருந்தது. மூடியிருந்தது என் கூறைச்சேலையால். அதை நான் பூட்டிய பெட்டிக்குள் வைத்திருந்தேன்.

ஞாயிறு. ஈரக் கம்பளி மணம். புகை மணம். கதிரையைத் தொட்டேன். ஈரம். விரலை நாக்கில் வைத்தேன்.

உப்பு.

அவர் கைகளை நெஞ்சில் கோத்தபடி படுத்திருந்தார். சிரித்துக்கொண்டிருந்தார். ஐந்து வருடத்தில் எனக்கு ஒரு நாளும் கிடைக்காத சிரிப்பு. எனக்கு வந்தது பயம் இல்லை. எரிச்சல்தான் முதலில் வந்தது.

திங்கட்கிழமை மாலை பங்கஜம் வந்தார். ஆக்லாந்திலேயே சான்ட்ரிங்ஹாமில் இருக்கும் என் சிநேகிதி, மதுரைக்காரி. எனக்கு வாங்கி வந்த கறிவேப்பிலையை வாசலில் நின்றபடியே நீட்டினார்.

"என்ன தமயந்தி, வீட்டுக்காரருக்குத் துணைக்கு ஆள் வெச்சிருக்கீங்களா? மகாராணிதான் போங்க!"

"ஆரை?"

"நடந்து வரும்போது ஜன்னல்ல பாத்தேனே. வெள்ளைக்காரப் பொண்ணு, கட்டில் பக்கத்துல உக்காந்திருக்கு. தலையெல்லாம் சொட்டச் சொட்ட ஈரம். ஒரு துண்டு குடுக்கக் கூடாதா?"

கறிவேப்பிலை கீழே விழுந்தது. ஓடினேன்.

கதிரையில் யாரும் இல்லை.

ஆனால்… மெல்லிய முணுமுணுப்பு. செபம் மாதிரி.

"அவர் சாகேல்லை!" ஆங்கிலத்திலும் சொன்னேன்.

முணுமுணுப்பு நிற்கவில்லை.

அவருடைய கையைப் பிடித்தேன். ஐஸ்.

விரல்களைப் பிரிக்கப் பார்த்தேன். பிரியவில்லை.

அவை… ஏற்கனவே வேறொரு கையைப் பிடித்திருந்தன.

ஒன்பது மணிக்கு அவர் தானாகக் கண் விழித்தார்.

"ஏன் அழுறீர்?"

"உங்களுக்குக் குளிரேல்லையே?"

"இல்லையே. நல்ல நித்திரை."

அவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் எரித்த கடிதத்தையும் சொல்ல வேண்டும். சொன்னால் அவரை இழந்துவிடுவேன். கடிதத்தால் வந்தது கடிதத்தால்தான் போக வேண்டும் என்று நினைத்து, அடுத்த நாளே நொரீனுக்கு இரண்டாவது கடிதம் எழுதினேன். 'நான் பொய் சொன்னேன். அவர் உயிரோடு இருக்கிறார். அவரை விட்டுவிடு.'

காத்திருந்தேன். தினமும் 6.40. தினமும் அந்தச் சிரிப்பு. அவர் மெலிந்துகொண்டே போனார். வைத்தியர் இரத்தம் எடுத்துப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்றார்.

ஜூலை 9. பின்னேரம் வந்த பதிலை இருட்டிய பிறகுதான் பிரித்தேன். கில்காரன் தபாற்கந்தோர் அம்மா எழுதியிருந்தார்.

நொரீன் 1991 செப்டம்பரில் கடலில் இறந்துவிட்டாளாம். எங்கள் திருமணம் அந்த ஓகஸ்டில்.

அவளுடைய அம்மாவும் போன பிறகு அவளுக்கு உறவென்று யாரும் இல்லை. எனவே என் முதல் கடிதத்தைப் பிரிக்காமல், ஜூன் 14 காலைப் பூசை முடிந்து 7.40க்கு, அவளுடைய கல்லறை மண்ணைத் தோண்டி உள்ளே வைத்தார்களாம். அங்கே காலை 7.40 என்றால் இங்கே மாலை 6.40. இரண்டாவது கடிதம் வந்தபோது, இனி அப்படிச் செய்யக் கூடாது என்று பாதிரியார் சொல்லிவிட்டாராம். அதனால் அதை இத்துடன் திருப்பி அனுப்புகிறாராம்.

திரும்பி வந்த என் உறையைத் திருப்பிப் பார்த்தேன். நான் ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது.

அவர் உயிரோடு இருக்கிறார் என்று அவளுக்கு யாருமே சொல்லவில்லை.

அவரை அடக்கம் செய்யுமட்டும் அவள் அந்தக் கதிரையை விட்டு எழும்பமாட்டாள்.

6.40. உள்ளே… கதிரை இழுபட்டது.