கொத்து ரோஜா பூத்தால்

எங்கள் வீட்டில் ரோஜாச் செடி வைத்தால் பிழைக்காது என்பது பாப்பாரப்பட்டி வரைக்கும் தெரிந்த சங்கதி. போர்வெல் தண்ணீர் அப்படி ஒரு உப்பு. கனகாம்பரமும் செண்டுமல்லியும் அதைக் குடித்துவிட்டு முணுமுணுக்காமல் வளரும். ரோஜா மட்டும் ஒரே மாதத்தில் இலையெல்லாம் கருகி, வைத்தவர்களைக் குற்றம் சொல்வது மாதிரி நிற்கும். இதெல்லாம் தெரிந்தும் ஒரு ஐப்பசி மழையில் சித்தப்பா ரோஜா நாற்று ஒன்றைக் கொண்டுவந்தார். ஓசூர்ப் பக்கம் ஒரு ரோஜாப் பண்ணையில் அவர் சூப்பர்வைசர். எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும்.

மற்ற ரோஜா மாதிரி இது காம்புக்கு ஒன்றாகப் பூக்காதாம். ஒரே காம்பில் ஏழெட்டு மொட்டு வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக விரிந்து, கொத்தாக நிற்குமாம். பண்ணையில் அதற்கு ஃப்ளோரிபண்டா என்று பெயர். எங்கள் வீட்டில் அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. அப்பா இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டு, கொத்து ரோஜா என்று சொல்லிவிட்டார். அதுவே நிலைத்தது.

முருங்கை நிழல் விழாத இடமாகப் பார்த்து, வாசலோரம் சித்தப்பா குழி வெட்டினார். சித்தி நாற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சித்தி எங்களோடு ஊரில் இருந்தாள், சித்தப்பா ஓசூரிலிருந்து மாதம் ஒருமுறை வந்துபோவார். எப்போது கூட்டிப்போவீர்கள் என்று கேட்டால், "பசங்களோட ரூம்ல கெடக்கறேன், உன்னைய எங்க வெச்சுக்கறது?" என்பார். அன்றைக்குச் சித்தி எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். சித்தப்பா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தார்.

"இந்தச் செடி பூக்கட்டும். பூத்த அன்னிக்கே உன்னையக் கூட்டிட்டுப் போறேன், போதுமா?"

எல்லாரும் சிரித்தோம். சித்தி சிரிக்கவில்லை. அவர் வாயிலிருந்து முதன்முதலாக ஒரு கெடு வந்திருக்கிறது. விளையாட்டுக்குச் சொன்னதோ வினைக்குச் சொன்னதோ, அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

சும்மா சொல்லக்கூடாது, பிள்ளை வளர்ப்பது மாதிரிதான் வளர்த்தாள். குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வரும் நாளில் குடிக்கப் பிடித்து வைப்பதில் அவள் பங்குச் சொம்பு செடிக்குப் போய்விடும். டீத்தூள் சக்கை, முட்டை ஓடு, வெங்காயத் தோல், சாணித் தண்ணீர் என்று எது கிடைத்தாலும் அதற்குத்தான். ஆடு வாய் வைக்காமல் சுற்றிலும் முள் வெட்டிக் கட்டினாள். செடி கருகவில்லை. ஊரே வந்து அதிசயமாகப் பார்த்துவிட்டுப் போனது. சித்தப்பா போன் செய்யும்போதெல்லாம், பூத்துச்சா என்று கேட்பார். இன்னும் இல்லைங்க என்பாள். அந்தப் பக்கம் அவர் சிரிப்பது எனக்கே கேட்கும்.

தை மாதம் போல, தக்காளி லோடு ஏற்றிக்கொண்டு ஓசூர் போய்வரும் என் தாய்மாமா ஒருநாள் வந்தார். அம்மாவை மாட்டுக்கொட்டகைப் பக்கம் தனியாக அழைத்து ஏதோ பேசினார். நான் வைக்கோல் போருக்கு இந்தப் பக்கம் இருந்தேன். எனக்குக் கேட்டதெல்லாம், "அங்க வூடு எடுத்திருக்காருக்கா, கண்ணால பாத்துட்டுத்தான் சொல்றேன்" என்பது மட்டும்தான். எனக்குக் குதூகலம் தாங்கவில்லை. ஆக, சித்தியை அழைத்துப்போக வீடு தயாராகிவிட்டது. என்னைக் கண்டதும் அம்மா காதைத் திருகி, "சித்திகிட்ட வாயத் தொறந்தீன்னா தோல உரிச்சுடுவேன்" என்றாள். அட, சித்திக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று மறைக்கிறார்கள் போல என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து நானும் செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தேன்.

அந்த வாரமே முதல் மொட்டுகள் தலைகாட்டின. சித்தி என்னைத் தூக்கிச் சுற்றினாள். மறுநாள் பார்த்தால் மொட்டு இல்லை. அம்மா கூட்டிப் பெருக்கிக்கொண்டே, "நான்தான் கிள்ளிவிட்டேன். புதுச் செடிக்கு மொத மொட்ட விடக் கூடாது, அப்பத்தான் வலுக்கும்னு உம் புருஷனே சொல்லியிருக்கான்ல?" என்றாள். அது உண்மைதான், அவர் சொல்லியிருந்தார். சித்தி முகம் வாடினாலும் ஒப்புக்கொண்டாள்.

அதற்கப்புறம் வந்த மொட்டுகள்தான் மாயமாகப் போயின. மிளகளவு தெரிந்தால் போதும், மறுநாள் காலையில் நுனி மொட்டையாக இருக்கும். அணில்தான் கடிக்கிறது என்று சித்தி பழைய சேலையைக் கிழித்துச் சுற்றினாள். வேப்பெண்ணெய் கரைத்துத் தெளித்தாள். முருங்கையில் ஓடும் அணிலையெல்லாம் கல்லெடுத்து விரட்டினாள். ஒரு விடிகாலை நான் எழுந்து வெளியே வந்தபோது, சேலைத் துணியை விலக்கிக்கொண்டு அம்மா குனிந்திருந்தாள். கிள்ளியதை மடியில் போட்டுக்கொண்டு போய் அடுப்பில் கொட்டினாள்.

எனக்கு அம்மாமேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. இவளுக்குப் பொறாமை, சித்தி டவுனுக்குப் போய்விடுவாள், தான் மட்டும் இங்கேயே மாட்டோடு கிடக்கவேண்டும் என்ற வயிற்றெரிச்சல் என்று நினைத்தேன். வீட்டிலும் காட்டிலும் அம்மாவுக்கு இன்னொரு கை வேண்டியிருந்ததும் பொய்யில்லை. ஆனால் அடுப்படியில் அவள் ஏன் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள் என்று நான் யோசிக்கவில்லை. புகை என்று விட்டுவிட்டேன்.

இதில் ஒரு வேடிக்கை நடந்தது. ரோஜாவைக் கிள்ளக் கிள்ள அது பக்கத்துக்கு இரண்டாகக் கிளைக்கும். அம்மா ஒரு நுனியைக் கிள்ளினால் ஒரு மாதத்தில் அங்கே இரண்டு நுனி. இரண்டைக் கிள்ளினால் நான்கு. பங்குனிக்குள் செடி புதர் போலத் திரண்டு, எங்கே பார்த்தாலும் மொட்டு. அம்மா கைக்கு அடங்கவில்லை. பாவம், பூக்கக் கூடாது என்று அவள் பட்ட பாடெல்லாம் செடிக்கு உரமாகப் போய்ச் சேர்ந்தது.

அந்தச் சமயத்தில் பென்னாகரத்தில் அம்மாவின் பெரியப்பா இறந்துபோனார். போனவள் காரியம் முடிந்துதான் வரமுடியும். அவள் இல்லாத அந்த நாட்களில் செடி பூத்தது. பூத்ததென்றால் ஒரு கொத்து இரண்டு கொத்து அல்ல. இளஞ்சிவப்பில் செடியே தெரியாமல் பூத்தது. சித்தி வெகுநேரம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். போன் செய்யலாமே என்றார் அப்பா.

"வேணாங்க மாமா. கையில கொண்டுபோய்க் குடுத்தாத்தான் அவரு நம்புவாரு."

அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. புருஷன் இருக்கும் ஊருக்குத்தானே, போய்வா என்று அனுப்பினார். துணைக்கு நான். பெரிய கொத்துகளாக அறுத்து, காம்பிலிருந்த முள்ளை நகத்தாலேயே கிள்ளி எடுத்து, ஈரத்துணியில் சுற்றிக்கொண்டாள். தருமபுரியில் பஸ் மாறி, பாலக்கோடு வழியாக ஓசூர் போய்ச் சேரும்வரை பூவை மடியிலிருந்து இறக்கவில்லை.

பண்ணை கேட்டில் வாட்ச்மேன் நின்றிருந்தார். "சூப்பர்வைசருங்களா? இன்னிக்கு லீவுங்க, வூட்டுலதான் இருப்பாரு. அந்த வாட்டர் டேங்க் பின்னால லைன் வூடு, கடைசி."

"ரூமுங்களா?"

"வூடுதாங்க."

எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "எனக்கு மொதல்லயே தெரியும் சித்தி. வூடு எடுத்திருக்காருன்னு மாமா சொன்னாங்க. அம்மாதான் உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க."

சித்தி நின்றுவிட்டாள். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக, "பாத்தியா அக்காவ, எப்படிக் கமுக்கமா இருந்திருக்காங்க" என்றாள். என்னைப் போலவேதான் அவளும் நினைத்தாள். வாட்டர் டேங்கின் குழாயில் முகம் கழுவி, தலையைச் சரிசெய்துகொண்டு, அந்தச் சந்தில் என்னை முந்திக்கொண்டு நடந்தாள்.

கடைசி வீட்டில் கதவு திறந்திருந்தது. இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வெளியே வந்தாள். சித்தி வயதுதான் இருக்கும். கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அதில் தீபாவளிக்குச் சித்தி எடுத்துக்கொடுத்த நீலக் கட்டம் போட்ட சட்டையும் இருந்தது. அந்தப் பெண் சித்தியையும் என்னையும் பார்த்தாள், ஈரத்துணியிலிருந்த பூவைப் பார்த்தாள்.

"ஹூவு எஷ்டம்மா?" என்றாள்.

பூ என்ன விலை என்று கன்னடத்தில் கேட்கிறாள் என்று எனக்கே புரிந்தது. சித்தி கொடியைப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள். அது எங்கள் வீட்டு மூக்கோடு அவளைப் பார்த்துச் சிரித்தது. உள்ளேயிருந்து, யாரு என்று சித்தப்பாவின் குரல் கேட்டது. நான் கூப்பிட வாயெடுத்தேன். சித்தி என் தோளை அழுத்திப் பிடித்தாள்.

"விக்கறதுக்கில்லைம்மா. சும்மாதான், வெச்சுக்க" என்று அத்தனை பூவையும் அந்தப் பெண் கையில் கொடுத்தாள். திரும்பி நடந்தோம்.

"சித்தப்பாவப் பாக்கவே இல்லையே?" என்று பஸ்ஸில் கேட்டேன்.

"பாத்தாச்சு" என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா பென்னாகரத்திலிருந்து திரும்பியிருந்தாள். வெட்டுப்பட்ட செடியைப் பார்த்தவுடனேயே அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும், வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"நீ தாங்கமாட்டியேன்னுதான் கண்ணு..."

"மொட்டையும் நீங்கதான் கிள்ளுனீங்களா?"

அம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

"நான் அணிலத் திட்டிக்கிட்டிருந்தேன்க்கா" என்றாள் சித்தி. அவள் அம்மாவிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

வந்துபோனது யார் என்று பூவைப் பார்த்தே தெரிந்திருக்க வேண்டும், சித்தப்பா அடுத்த நாளே ஓடிவந்தார். கல்யாணத்துக்கு முந்தைய உறவு, வீட்டில் சொல்லப் பயந்துவிட்டேன் என்று அழுதார். அவர் சொன்னதையெல்லாம் சித்தி நிதானமாகக் கேட்டாள், பதிலும் சொன்னாள். குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்தாள். ஆனால் அம்மா பக்கம் மட்டும் திரும்பவில்லை. காரிமங்கலத்திலிருந்து அவள் அண்ணன் வந்து அழைத்துப்போன அன்று, என் கன்னத்தைத் தடவினாள், அப்பாவிடம் சொல்லிக்கொண்டாள். டிபன் பாக்ஸில் சோறு கட்டி வைத்துக்கொண்டு அம்மா நின்றாள். சித்தி அதை வாங்கிக்கொள்ளாமலே பஸ் ஏறினாள்.

அம்மா இப்போதும் யாராவது காரிமங்கலம் சந்தைக்குப் போய்வந்தால், அவளைப் பார்த்தீர்களா என்று விசாரிப்பாள். சொல்லியிருக்க வேண்டும், சொல்லியிருக்க வேண்டும் என்று தனக்குள்ளே பேசிக்கொள்வாள். சித்தி பஸ் ஏறிய அன்றைக்கு, கட்டி வைத்த அந்தச் சோற்றை எனக்குத்தான் பிசைந்து ஊட்டினாள். எனக்கு மனசு ஆறவில்லை.

"தப்புப் பண்ணுனது சித்தப்பா. உன் மேல ஏம்மா கோவம்?"

"அவன அவ என்னிக்குப் பெருசா நம்புனா பாப்பா? என்னையத்தான் நம்பியிருந்தா."

"நம்பாமயா தெனமும் செடிக்குத் தண்ணி ஊத்துனாங்க?"

அம்மா உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். பதில் தெரிந்திருந்தும் சின்னப் பிள்ளையிடம் சொல்லவேண்டாம் என்று இருக்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டு, நான் வாயைத் திறந்து காட்டினேன். அவளுக்கும் அது தெரியவில்லை என்பது எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.