பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பிரெட்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தங்கை வசந்தாவைப் பெண் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, பெரியப்பா. ராஜபாளையத்துக்கு பஸ் ஏறினால் கண் அசருவதற்குள் வந்துவிடலாம். ஆனாலும் பெண் பார்க்க என்றால் அம்பாசிடர்தானே?

பெண் பார்க்க வருகிறவர்களுக்கு என்ன கொடுப்பார்கள்? கேசரி, பஜ்ஜி, காபி. நான் பிரெட் கொடுக்க வைத்தேன்.

கடைப் பிரெட் இல்லை. வீட்டில் மிஷினில் சுட்டது. துபாயில் வேலை பார்க்கும் சித்தி மகன் போன வருஷம் லீவில் வந்தபோது கொண்டுவந்த மிஷின். பால், எண்ணெய், மைதா, சர்க்கரை, உப்பு, ஈஸ்ட் - எல்லாவற்றையும் போட்டு மூடி, பட்டனை அமுக்கினால் போதும். அதுவே பிசைந்து, பொங்க வைத்து, சுட்டும் கொடுத்துவிடும். நாலு மணி நேரம் ஆகும். நடுவில் கரண்ட் போனால் தலையில் கை வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நான் சுட்டால் அதை வெட்ட அரிவாள் வேண்டும். வசந்தா சுட்டால்தான் பஞ்சு. கூட வந்த புத்தகத்தில் போட்டிருந்த அளவு நம் மைதாவுக்கு ஒத்துவராது என்று கண்டுபிடித்தவள் அவள்தான். தண்ணீரைக் குறைத்துப் பாலை ஊற்றினாள். பிசைகிறபோது மூடியைத் திறந்து விரலால் தொட்டுப் பார்ப்பாள். ஒட்டினால் ஒரு ஸ்பூன் மாவு, வறண்டிருந்தால் ஒரு ஸ்பூன் பால். வெந்ததும் எடுத்து ஈரத்துணி போர்த்திவிடுவாள். ஆறுகிற வரை யாரும் கத்தியோடு கிட்டே போகக் கூடாது. மறுநாள் எடுத்தாலும் மெத்தென்று ஈரமாக இருக்கும்.

இதை நாலு பேருக்குக் காட்ட வேண்டாமா? “வர்றவுகளுக்கு ரொட்டியாடா குடுப்பாக?” என்று அம்மா முணுமுணுத்தார். நான் காதில் வாங்கவில்லை.

ஹாலுக்குப் பிரெட் தட்டு வந்தது. மாப்பிள்ளையின் அம்மா தட்டைப் பார்த்தார். என் அம்மாவைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“மதினி, வீட்டுல யாருக்கு மேலுக்கு முடியல?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் ஊரில் பிரெட் யார் சாப்பிடுவார்கள்? காய்ச்சல்காரர்கள். ஊசி போட்ட கையோடு டாக்டர் சொல்வது, பாலும் பிரெட்டும் கொடுங்கள் என்றுதான். ஆஸ்பத்திரி வாசல் கடையில் சாத்துக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் சரக்கு அது. நன்றாக நடமாடுகிறவன் ஒரு பாக்கெட் பிரெட்டோடு தெருவில் போனால் நாலு பேர் நிறுத்தி விசாரிப்பார்கள்.

அம்மா சிரித்து மழுப்பியிருக்கலாம். முடியவில்லை, முகம் வெளுத்துவிட்டது. காரணம் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் வசந்தாவுக்கு டி.பி. வந்து குணமாகியிருந்தது. தரகரிடம் அதைச் சொல்லவில்லை. வந்தவர்களிடமும் சொல்வதாக இல்லை. சொன்னால் எவன் கட்டுவான்? அம்மாவின் பயம் மட்டுமில்லை, என் பயமும் அதுதான்.

நான் அவசரமாக மிஷினைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். துபாய், ஈஸ்ட், வோல்டேஜ்... ஒருவரும் கேட்கவில்லை.

வசந்தா காபி டம்ளர்களை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“எனக்குத்தான் அத்தை. இப்ப இல்ல, மூணு வருசத்துக்கு முந்தி. டி.பி. வந்துச்சு. ஒம்பது மாசம் மாத்திரை சாப்பிட்டேன். சரியாப் போச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

மாப்பிள்ளையின் பெரியப்பா கையிலிருந்த பிரெட் துண்டைத் தட்டிலேயே வைத்தார். “வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்லியனுப்புதோம்” என்றார். இதற்கு என்ன அர்த்தம் என்று பெண் வீட்டுக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கார் போனதும் வசந்தாவைத் திட்டினேன். நியாயமாகப் பார்த்தால் என்னைத்தான் திட்டிக்கொள்ள வேண்டும். பெருமையடிக்கப் போய் மாட்டிவிட்டவன் நான். அவள் தட்டுகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

“கட்டிக்கிட்டுப் போன பொறவு, ஒவ்வொரு இருமலுக்கும் நான் பயந்துக்கிட்டே கெடக்கணுமாண்ணே?”

எனக்கு வெட்கமாக இருந்தது. இதை எழுதும்போதும் இருக்கிறது.

வியாழக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா மட்டும் பஸ்ஸில் வந்து இறங்கினார். உட்காரக்கூட இல்லை. “டாக்டர் சீட்டெல்லாம் வச்சிருக்கியா தாயி? எங்க ஊர் டாக்டர்ட்ட காட்டிட்டு வாரேன்” என்றார். வசந்தா எக்ஸ்ரே கவரோடு ஃபைலை நீட்டினாள்.

இரண்டு நாளில் அவரே ஃபைலைத் திருப்பிக் கொண்டுவந்தார், கூடவே பூவும். “மறைக்கணும்னு நெனைக்கல மதினி...” என்று அம்மா இழுத்தார்.

“மறைக்கத்தான் பாத்தீய. நானா இருந்தாலும் மறைச்சிருப்பேன். ஒங்க மக மறைக்கல. எனக்கு அம்புட்டுப் போதும்.”

தை மாதம் கல்யாணம். சீர்வரிசைக்கு லிஸ்ட் போட உட்கார்ந்தோம். மிஷினையும் எழுதினேன். சம்பந்தியம்மாள் கையமர்த்தினார்.

“அது மட்டும் வேண்டாம் தம்பி. தெனம் ரொட்டி சுட்டா, மருமகளுக்கு என்ன செய்யுதுன்னு தெருவே வந்து கேக்கும்.”

“கேக்கட்டும் அத்தை. நான் சொல்லிக்கிடுதேன்” என்றாள் வசந்தா.

மிஷின் லிஸ்டில் இருக்கிறது. இதையெல்லாம் என் பத்திரிகைப் பத்தியில் எழுதலாமா, வேண்டுமானால் பெயரை மாற்றிவிடுகிறேன் என்று அவளிடம் கேட்டேன். “எதுக்கு மாத்தணும்? என் பேரு போட்டே எழுதுண்ணே” என்றாள்.

போட்டுவிட்டேன்.