நாய்வண்டிக்காரர் வேலை கேட்டுப் போனார்

தெருவில் அவரை நாய்வண்டிக்காரர் என்றால்தான் தெரியும். நகராட்சியின் கூண்டு வண்டியில் பதினோரு வருடம் நாய் பிடித்தவர். கையில் நீளக் கம்பு, அதன் நுனியில் சுருக்குக் கம்பி, தோளில் வலை. பிடித்ததைக் கொண்டுபோய்க் கொட்டடியில் இறக்கினால் அங்கே ஒருவர் ஊசியோடு காத்திருப்பார். பிறகு சட்டம் மாறியது. நாய்களைக் கொல்லக் கூடாது என்றார்கள். வண்டியை ஓரங்கட்டினார்கள், வண்டியில் இருந்தவர்களையும் சேர்த்து. அவர் சிமெண்ட் கிடங்கில் மூட்டை தூக்கப் போனார். நாலு வருடத்தில் வலது தோள் போய்விட்டது.

வேலை போனாலும் பெயர் போகவில்லை. அவர் தெருமுனை திரும்பினால் போதும், நிழலில் படுத்துக் கிடந்த நாய்களெல்லாம் எழுந்து நின்று குரைக்கும். அந்த வண்டியைக் கண்ணால் கூடப் பார்த்திராத குட்டிகளும், பெரியவை குரைக்கின்றனவே என்று கூடச் சேர்ந்துகொள்ளும்.

"உங்கப்பா வர்றாரு, உலையை வைக்கலாம்" என்பாள் மனைவி. மகளுக்கு மட்டும் சிரிப்பு வராது. பள்ளிக்கூடத்தில் தகப்பன் தொழில் என்று கேட்ட இடத்தில் எல்லாம் 'ஓட்டுநர்' என்று எழுதிவந்தவள் அவள்.

மனைவிக்குச் சலவைக்கடையில் வேலை. கடைக்கு அடுத்த கதவு மிருக மருத்துவமனை. 'உதவியாள் தேவை' என்று அந்தக் கதவில் ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, விண்ணப்பத் தாளையும் கையோடு வாங்கிவந்தாள். அவளே உட்கார்ந்து நிரப்பினாள். முன் அனுபவம் என்ற இடத்தில் பேனா நின்றது.

"நகராட்சி சுகாதாரப் பிரிவுன்னு போடறேன். பொய்யில்லையே?"

"பொய்யில்லை. ஆனா அங்க என்ன வேலை பார்த்தேன்னு கேட்டா?"

"கேக்காத கேள்விக்கு எதுக்கு இப்பவே பதிலைத் தேடுறீங்க? நாயைப் பார்த்துப் பழக்கம் உண்டான்னு கேட்டா, வீட்ல வளர்த்தோம்னு சொல்லுங்க. நாய் டாக்டர்கிட்ட போய் நாயைக் கொன்ன கதையைச் சொன்னா மாலை போட்டா கூப்பிடுவாங்க?"

அவள் சொன்னதில் தப்பில்லை என்றுதான் அவருக்கும் பட்டது. இதற்கு முன் இரண்டு இடத்தில் வாயைத் திறந்து கெட்டிருந்தார். ஒரு குடியிருப்பில் காவலாளி வேலை கேட்டபோது, விஷயம் தெரிந்ததும், "எங்க பசங்க பயப்படுவாங்க" என்று கதவைச் சாத்தினார்கள். இன்னொரு இடத்தில் சிரித்தே அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலை சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு போனார். மருந்து வாடையும் ஈரமுடி வாடையும் கலந்த சின்னக் கூடம். சுவரோரம் பெஞ்சு, உள்ளே தகரத் தகடு போட்ட மேசை. டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கையில் இரண்டு மூன்று பழைய கடித் தழும்புகள். விண்ணப்பத்தை அவர் கையில் வாங்கிய நேரம் பார்த்து உள்ளே ஒரே களேபரம். காது சீழ் பிடித்த ஒரு பெரிய நாய், மேசைக்கு அடியில் பதுங்கி உறுமிக்கொண்டிருந்தது. கம்பவுண்டர் பெரியவர் ஒரு துண்டை நீட்டிக்கொண்டு, கிட்டப் போவதும் பின்வாங்குவதுமாக நடனம் ஆடிக்கொண்டிருந்தார்.

"நீங்க பிடிப்பீங்களா?" என்றார் டாக்டரம்மா.

அவர் நாயின் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்து, புறங்கையைத் தாழ வைத்துக் காத்திருந்தார். நாய் மோந்தது. உறுமல் இறங்கியதும் ஒரு கையைக் கழுத்துக்கு அடியிலும் மறுகையை வயிற்றுக்கு அடியிலும் கொடுத்து, நெஞ்சோடு அணைத்தார். நாய் அசையவில்லை. டாக்டரம்மா காதைத் துடைத்து மருந்து விட்டு முடிக்கும்வரை அப்படியே இருந்தார்.

"அருமையா பிடிக்கிறீங்க. எங்க பழகினீங்க?"

"வீட்ல வளர்த்தோம் டாக்டர்."

"அப்படியா! என்ன பேரு வச்சிருந்தீங்க?"

சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார். ஆனால் அவருக்கு வாயில் ஒன்றும் வரவில்லை. எத்தனை ஆயிரம் நாயைத் தொட்டிருப்பார்! ஒன்றுக்காவது பெயர் உண்டா என்று நினைத்துப் பார்த்ததில்லை. கம்பவுண்டர் தலையைச் சாய்த்து அவரையே பார்த்தார்.

"வளர்க்கலை டாக்டர். பொய் சொல்லிட்டேன். நகராட்சி வண்டியில நாய் பிடிச்சவன் நான். பதினோரு வருஷம். ஊசி போடறது வேற ஆள். ஆனா போடும்போது அசையாம பிடிச்சிருந்தது நான்தான். பழகினது அங்கதான்."

டாக்டரம்மா எழுந்து போய்க் கைகழுவினார். வெகுநேரம் கழுவினார். கம்பவுண்டர்தான் வாயைத் திறந்தார்.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. இங்க வர்றவங்க நாயைப் பிள்ளையாட்டம் வச்சிருக்கிறவங்க. தெரிஞ்சா ஒருத்தரும் வாசப்படி மிதிக்க மாட்டாங்க."

அவர் செருப்பைத் தேடினார். அதற்குள் டாக்டரம்மா கை துடைத்தபடி திரும்பினார்.

"போன வருஷம் இந்த வேலைக்கு வந்த ரெண்டு பேரும் கடி வாங்கிட்டு ஓடிட்டாங்க. ஒரு மாசம் இருந்து பாருங்க. என்கிட்ட சொல்லிட்டீங்க. வர்றவங்ககிட்ட நீங்களா போய்ச் சொல்லவேண்டாம். கேட்டா பொய்யும் சொல்லவேண்டாம்."

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"மணின்னு சொல்லக் கூடாதா? ஊர்ல பாதி நாய்க்கு மணின்னுதானே பேரு!"

"அந்த நேரத்துக்கு வரலையே."

"பொய் சொல்றதுக்கும் ஒரு சாமர்த்தியம் வேணும். உங்களைக் கட்டிக்கிட்டப்பவே இதை நான் கண்டுபிடிச்சிருக்கணும்" என்றவள், சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்படிப் பக்கம் போய்விட்டாள்.

மூன்று வாரம் ஒரு குறையும் இல்லாமல் போனது. மேசை துடைத்தார், நகம் வெட்டினார், பூனைகளிடம் கீறல் வாங்கினார். பூனை அவருக்குப் புதுசு.

நாலாவது வாரம், பாலத்துக்கு அந்தப் பக்கம் கடை வைத்திருக்கும் தையல்காரம்மா, பாதத்தில் கண்ணாடி குத்திய செவலை நாயோடு வந்தார். நாய்வண்டிக்காரர் குனிந்து நாயின் காலைத் தூக்கியபோது தையல்காரம்மாவின் பார்வை அவர் முகத்தில் நிலைத்தது.

"நீங்க அந்த வண்டியில இருந்தவர்தானே?"

பெஞ்சில் இருந்த நாலு பேரும் நிமிர்ந்தார்கள். "இவர் புது ஆளும்மா, வேற யாரையோ நினைச்சுட்டு..." என்று கம்பவுண்டர் குறுக்கே விழுந்தார். எந்த வாய் அவரை வேண்டாம் என்றதோ அதே வாய்தான் இப்போது காப்பாற்றப் பார்த்தது.

"ஆமாம்மா, நான்தான்" என்றார் அவர்.

"ஆறு வருஷம் ஆச்சு. கறுப்பு நாய், நாலு காலும் வெள்ளை. கழுத்துப்பட்டை கூடப் போட்டிருந்தேன். கடை வாசல்ல படுத்திருந்ததைத் தூக்கிட்டுப் போனீங்க. பாலம் வரைக்கும் வண்டி பின்னாடியே ஓடிவந்தேன். அதை என்ன பண்ணீங்க?"

யாரோ ஒருவர் பரிதாபப்பட்டு அவிழ்த்துவிட்டார் என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த அம்மாவின் மனம் ஆறிவிடும். அந்தப் பொய் நாக்கின் நுனி வரை வந்தது.

"அது எதுன்னு எனக்கு ஞாபகம் இல்லம்மா. ஒரு நாளைக்கு இருபது, முப்பது பிடிப்போம். ஆனா வண்டியில ஏறினது எதுவும் வெளிய வந்ததில்லை."

தையல்காரம்மா நாயைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு வெளியே போனார். பெஞ்சில் பூனைக்கூடையோடு இருந்தவரும் எழுந்து போனார். டாக்டரம்மா அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார். "அடுத்தது யாரு?" என்று மட்டும் கேட்டார்.

மாலையில் அவரே போய், "நான் நின்னுக்கிறேன் டாக்டர்" என்றார்.

"நான் நிக்கச் சொன்னேனா? மாசம் இன்னும் முடியலை."

ஐந்தாம் நாள் தையல்காரம்மா மறுபடி வந்தார். நாயின் பாதம் பன் ரொட்டி மாதிரி வீங்கியிருந்தது. வேறொரு இடத்துக்குத் தூக்கிப்போனாராம். அங்கே இரண்டு பேரைக் கடித்துவிட்டதாம். கம்பவுண்டர் எழுவதற்குள் அந்த அம்மா கயிற்றை நாய்வண்டிக்காரரிடம் நீட்டினார்.

"மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க."

"நினைக்கலைம்மா."

"கெட்டியா பிடிங்க. வலிக்காம பிடிங்க."

பிடித்தார். கண்ணாடிச் சில்லு வெளியே வந்தது, சீழும் வந்தது. மூன்று நாளைக்கு ஒருமுறை கட்டு மாற்ற அந்த அம்மா வந்தார். புண்ணைப் பற்றிப் பேசுவதோடு சரி, வேறு பேச்சு கிடையாது. ஏழாவது கட்டோடு புண் ஆறியது.

இதற்கிடையே டாக்டரம்மா சொன்ன மாதமும் முடிந்திருந்தது; அதற்குப் பிறகு யாரும் மாதக் கணக்குப் பேசவில்லை. அவர் அங்கேதான் இருக்கிறார். செய்தி பரவி, "அவர் கை படவேண்டாம்" என்று சொல்கிறவர்கள் இரண்டு மூன்று பேர் உண்டு. அவர்கள் வந்தால் கம்பவுண்டர் பிடிப்பார். இவர் ஒதுங்கிப்போய்ப் பின்கட்டில் துணி அலசுவார். அதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. சரியாகத்தான் கேட்கிறார்கள் என்று மனைவியிடம் சொன்னார்.