சூடிக் கொடுத்த போர்வை

ஆலிலை ஒன்றையே பாயாகவும் போர்வையாகவும் கொண்டு கண்வளரும் பெருமானையும், தான் சூடிப் பார்த்த மாலையை அவனுக்கே சூட்டி மகிழ்ந்த எங்கள் வில்லிபுத்தூர் நாச்சியாரையும் நெஞ்சில் இருத்தித் தொடங்குகிறேன். இன்று மார்கழி மாதத்து வளர்பிறை ஏகாதசி. என் ஒன்பதாம் வயதில், இதே ஏகாதசிக்கு மறுநாள் நடந்த ஒன்றை எழுதிவைக்க இதனினும் நல்ல நாள் எனக்கு வாய்க்காது.

அது யுத்தகாலம். துணி கிடைப்பது அரிதாயிருந்தது. அப்பா வக்கீல் குமாஸ்தா. கோர்ட்டுக்கு விடுமுறை விட்டால் எங்கள் வீட்டு வருமானத்துக்கும் விடுமுறை. அந்தக் குறையை நிரப்ப அம்மா போர்வை தைத்து விற்றாள். தையற்கடைகளில் வெட்டிக் கழித்த புதுத்துண்டுகளைக் கட்டம் கட்டமாக இணைத்து மேல்பக்கம் ஆக்குவாள். அடிப்பக்கம் முரட்டுக் காடாத்துணி. நடுவே இராஜபாளையத்து மில்லில் கழித்த பஞ்சு. பிறகு ஓரத்தில் தொடங்கிச் சதுரத்துக்குள் சதுரமாக ஊசி நடுவை நோக்கி இறங்கும். முடிந்த போர்வையை விரித்தால் எங்கள் ஊர்த் திருமுக்குளத்துப் படிக்கட்டுகளை மேலிருந்து பார்ப்பதுபோல் இருக்கும்.

அவள் விலை சொல்லும் முறையோ அதனினும் வியப்பு. வாய்திறந்து தொகை சொல்லமாட்டாள். போர்வையை அடிப்பக்கம் மேலாக விரித்து, வாங்குபவரையே விரும்பிய இடத்தில் ஒரு சாண் வைக்கச் சொல்வாள். அந்தச் சாணுக்குள் நாற்பது தையல் இருந்தால் ஐந்து ரூபாய், குறைந்தால் நாலு. எந்த மூலையில் யார் கை வைத்தாலும் நாற்பதுக்குக் குறைந்து நான் பார்த்ததில்லை. மூன்றடியால் உலகை அளந்தவனின் கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கு, ஒரு சாணால் ஒரு மாத உழைப்பை அளக்கவிட்டு அசையாமல் நிற்கும் அம்மாவும் அந்த வரிசையில் ஒருத்தியாகவே தோன்றினாள்.

அத்தகைய பெருமையில் எனக்கும் பங்கு வேண்டாமா? நாச்சியார் சூடிக் கொடுத்ததால்தானே மாலைக்கு மகிமை! அம்மாவின் போர்வையையும் நான் ஓர் இரவு போர்த்திக் கொடுத்தால்தான் அது நிறைவுறும் என்று தீர்மானித்தேன். எல்லோரும் உறங்கியபின், கோயிலில் தந்த துளசி தலையில் இருக்க, எடுத்துப் போர்த்திக்கொண்டு, விடியலில் பாசுரச் சத்தம் கேட்டதும் மடித்து வைத்துவிடுவேன். மார்கழிப் பனியில் அந்தக் கைங்கரியம் எனக்குச் சற்றும் சிரமமாக இருக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அந்த மாதம் இராஜபாளையத்தில் தெலுங்கு பேசும் ஒரு பெரிய வீட்டிலிருந்து போர்வை கேட்டிருந்தார்கள். மகளுக்குப் பிரசவ நேரம். பிறக்கும் குழந்தைக்கு விரிப்பது ஆதலால் யார் உடம்பும் படாத புதுப்போர்வையாக இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். எங்கள் வீட்டிலும் அந்த ஐந்து ரூபாயைத்தான் எதிர்பார்த்திருந்தோம். தை பிறந்ததும் அக்காவுக்கு வளைகாப்பு. வளையலும் பலகாரமும் அந்தப் பணத்தில்தான் வரவேண்டும்.

துவாதசியன்று காலை ரயிலில் அம்மாவும் நானும் போனோம். தூண்கள் நிறைந்த கூடத்தில் அந்த வீட்டம்மாள் உட்கார்ந்திருந்தார். நான் அதுவரை கண்ட கைகளிலேயே பெரிய கை அவருடையது. போர்வையின் நட்டநடுவில் சாண் வைத்து எண்ணினார்.

"முப்பத்தொம்போது, நாப்பது, நாப்பத்தொண்ணு! குமாஸ்தா வீட்டம்மா, இது கையா, மிசினா?"

"ஒங்க கை பெருசும்மா. அதான் ஒண்ணு கூட வருது" என்றாள் அம்மா.

வீட்டம்மாள் சிரித்தபடியே போர்வையைப் புரட்டினார். மடிப்புக்குள்ளிருந்து நீண்ட தலைமயிர் ஒன்று, காய்ந்த துளசிக் கொத்தோடு சுற்றிக்கொண்டு தரையில் விழுந்தது. அவர் சிரிப்பு நின்றது.

"என்னம்மா இது? புதுசுன்னு சொல்லிட்டு, யாரோ படுத்துப் பொரண்டத எந்தலையில கட்டப் பாக்குறியா?"

"நாச்சியாரு மேல சத்தியமா புதுசும்மா. நூலு அறுத்து நாலு நாளுதான் ஆகுது."

நாச்சியார் பெயரில் அம்மா பொய்ச்சத்தியம் செய்துவிட்டாளே என்று நான் முன்னே ஓடி வந்தேன். "நாந்தாம்மா போர்த்துனேன். நாச்சியாரும் மாலையப் போட்டுப் பாத்துட்டுத்தான சாமிக்குக் குடுத்தாவ?"

அம்மா என்னை அடிக்கவில்லை. குனிந்து போர்வையை மடிக்கலானாள்.

"மன்னிச்சிருங்கம்மா. இனி இது புதுசில்ல. வேற தச்சுத் தாரேன்."

"அதுக்குள்ள எம்பேரப்புள்ள பொறந்து நடந்துரும். கீழ வையி. சூடுனத அந்தப் பெருமாளே ஏத்துக்கிட்டாரு. எம்பேரன் அவருக்கும் மேலயா? இந்தா, அஞ்சு ரூவா."

"அது சாமி காரியம்மா. இது யாவாரம். அஞ்சு ரூவா புதுசுக்கு. மூணு குடுங்க."

"நாலே முக்கா."

"மூணேகால்."

"அடி யாரடி இவ! விக்கிறவ எறக்குறா, வாங்குறவ ஏத்துறேன். தெருவுல கேட்டா ரெண்டு பேருக்கும் பைத்தியம்பாவ" என்றார் வீட்டம்மாள். உள்ளறையில் படுத்திருந்த மகள் சிரித்துவிட்டாள்.

நாலு ரூபாயில் முடிந்தது. அதற்குக் கீழே அவரும் இறங்கவில்லை. மேலே அம்மாவும் ஏறவில்லை. புறப்படும்போது வீட்டம்மாள், தெலுங்கில் பெண்பிள்ளையைக் கூப்பிடும் சொல்லால் என்னை அழைத்தார். "அம்மாயி, இங்க வா" என்று வெற்றிலை பாக்கின்மேல் ஒரு ரூபாயை வைத்து என் கையில் கொடுத்தார். துவாதசியன்று கன்னிப்பெண்ணுக்குத் தாம்பூலத்தில் வைத்துக் கொடுப்பதைத் தடுக்க அம்மாவுக்கு வழியில்லை. அக்காவின் வளையல் தப்பியது.

ரயிலில் அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஏட்டி, போர்த்துனப்போ கதகதன்னு இருந்துச்சா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சும்மா" என்றேன், தொண்டு செய்தவளின் பெருமிதத்தோடு. அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீடு சேர்ந்ததும் என்னைச் சுவரோரம் நிறுத்தி, உச்சியிலிருந்து பாதம்வரை சாண் சாணாக அளந்தாள். என்ன தண்டனைக்கோ அளவெடுக்கிறாள் என்று மூச்சை அடக்கி நின்றேன். அடுத்து அவள் தைத்த போர்வை சிறியதாக இருந்தது.

"இது எம்புட்டும்மா?" என்று கேட்டேன்.

"இது விக்கிறதுக்கில்ல. ஒனக்கு. இனி மத்த போர்வையத் தொடப்படாது."

அன்றிரவு அதற்குள் சுருண்டு படுத்து, என் கைங்கரியத்தை அம்மா பறித்துவிட்டாள் என்று தேம்பி அழுதேன். என் சிறிய சாணை வைத்து எண்ணியும் பார்த்தேன். அதற்குள்ளேயே நாற்பது தையல் இருந்தது. பெரியவர்களின் போர்வையைவிட நெருக்கமாக எனக்கு ஏன் தைத்தாள் என்று அன்று யோசிக்கத் தெரியவில்லை. பக்கத்தில் அவள் வழக்கம்போல் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு, கோபத்தோடு மறுபக்கம் திரும்பிக்கொண்டேன்.

இதைப் படிக்கும் ஒவ்வொருவருக்கும் பனிக்காலத்தில் போர்த்திவிட ஒரு கை இருக்கட்டும். அந்தக் கை குளிர்வதற்குள் அதைப் பார்க்கும் கண்ணையும் நாச்சியார் அருளட்டும். எல்லோரும் நலமாய் வாழ்க.